குன்வோரின் கைப்பிடி

எங்கள் சந்தில் நூறு வயதைத் தாண்டிய எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. கதவுக்கு உண்டு, தாழ்ப்பாளுக்கு உண்டு, கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாய்க்கு உண்டு. எந்தக் காலத்திலோ ஒரு மாலுமி குடித்துவிட்டு முட்டிக்கொண்ட விளக்குக் கம்பத்துக்குக்கூட உண்டு. குன்வோருக்கு எண்பத்தொன்றுதான் ஆகிறது. அதனால் அவளுக்குக் கிடையாது.

நான் யோருன், குன்வோரின் எதிர்வீட்டுக்காரி. ஸ்டாவாங்கர் துறையிலிருந்து அக்கரைக்குப் போகும் கார்ப்படகில் பல வருடம் ஸ்வேலே சுட்டு விற்றவள். கனமான இனிப்புத் தோசை அது. சூட்டோடு வெண்ணெய் தடவி, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து மடித்துக் கொடுப்போம். லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டியே காலம் போனதால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சந்தில் மற்றவர்களுக்கு வாய் இருப்பது காப்பி குடிக்க மட்டும்தான்.

கோடை வந்தால் துறையில் கப்பல் வந்து நிற்கும். எங்கள் வீடுகளைப் போல நாலு மடங்கு உயரம். வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கும் அந்தச் சனியனிலிருந்து சுற்றுலாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வருவார்கள். கார் நுழையாத தெரு, கல் பாவிய தரை, இரண்டு பக்கமும் வெள்ளை மரவீடு, வாசலில் ரோஜா. பிறகென்ன, அவர்களுக்கு இது அருங்காட்சியகம். குன்வோர் ஜன்னலோரம் உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கும் மீன் உருண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். வெளியே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒருத்தன் படம் எடுப்பான். ஒருநாள் ஒரு குடும்பம் கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்து, டிக்கெட் எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறது. குன்வோர் பல்செட்டைக் கழற்றிக் காட்டினாளாம். வந்த வழியே ஓடிவிட்டார்கள்.

அவள் படியில் வழுக்கி விழுந்தது பிப்ரவரியில். வாசலில் கருங்கல் படிகள்; ஒன்று போல் ஒன்று உயரம் கிடையாது, நடுவில் தேய்ந்து குழிந்தவை. பெய்த மழை அப்படியே உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் உள்ளே ஓர் ஆணியை வைத்து அனுப்பினார்கள்.

"என் வீட்டு வெளிச்சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னா சந்துச் சங்கத்தைக் கேக்கணும்," என்றாள் குன்வோர். "என் இடுப்புல அடிக்கறதுக்கு ஒருத்தனும் கேக்கல பாரு."

நகராட்சியிலிருந்து சில்யே என்ற நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், நல்ல பெண். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசல் படியில் வந்து நின்றாள்.

"உள்ள எல்லாம் சரியா இருக்கு, குன்வோர். இந்தப் படிதான். கைப்பிடி இல்லாம நீ இங்க தனியா இருக்க முடியாது. ஜூன்ல திரும்ப வருவேன். அதுக்குள்ள கைப்பிடி வந்துட்டா நீ உன் வீட்டுலயே இரு. இல்லேன்னா, முதியோர் இல்லத்துல ஒரு அறை காலியா இருக்கு. நல்ல வெளிச்சமான அறை."

இல்லம் என்பது ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம் இருக்கிறது. அங்கே சுவருக்குச் சுவர் கைப்பிடி உண்டு, லிஃப்ட் உண்டு, வியாழக்கிழமைதோறும் கைதட்டிப் பாட்டும் உண்டு.

"கைதட்டணுமா? நானா?" என்று கேட்டாள் குன்வோர், சில்யே போன பிறகு. "அதுக்கு இந்தப் படியிலயே இன்னொரு தடவ விழுந்துட்டுப் போறேன்." அப்புறம், "எனக்கு இங்கதான் இருக்கணும் யோருன். வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள். கண் கலங்கியிருந்தது. குன்வோர் அழுது நான் பார்த்ததே கிடையாது; எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கோப்பையை உடைத்திருப்பேன். ஆனால் அதுவும் பழைய கோப்பை.

வாசலில் எதை மாற்றினாலும் எங்கள் கயிற்றுச் சந்து மரபுச் சங்கத்தின் சம்மதம் வேண்டும். சங்கத்தின் தலைவன் டோர்லைஃப். எண்ணெய்க் கம்பெனியில் சம்பாதித்துவிட்டு, ஏழெட்டு வருடத்துக்கு முன் ஓஸ்லோ பக்கமிருந்து வந்தவன். சந்திலேயே பெரிய வீட்டை வாங்கினான். வாங்கிய கையோடு உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்தான். இப்போது அவன் வீட்டில் தரை தானே சூடாகும், விளக்கு தானே எரியும், சுவர் அகலத்துக்கு டிவி. வெளியே ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது, உள்ளே நேற்று. இந்த ஆள்தான் எங்களுக்குப் பழமை என்றால் என்ன என்று வகுப்பெடுப்பான்.

குன்வோர் கைப்பிடிக்கு மனுப் போட்டாள். சங்கக் கூட்டம் டோர்லைஃப் வீட்டில்தான் நடந்தது. எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு சூடான தரையில் கால் பதித்து உட்கார்ந்திருந்தோம். குன்வோரை நானும் அடுத்த வீட்டு சிக்பியோர்னும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கூட்டிப்போயிருந்தோம். வழியெல்லாம் சிக்பியோர்ன், "அநியாயம், ஒரு கம்பிக்கு இவ்வளவு பாடா," என்று பொருமிக்கொண்டே வந்தான்.

எங்கள் ஊரில் மந்திரியையும் "நீ" என்றுதான் பேசுவோம். ஒருத்தன் "நீங்க" போட்டால், கதவைச் சாத்தப் போகிறான் என்று பொருள்.

"குன்வோர், உங்க கஷ்டம் எங்களுக்கு நல்லாப் புரியுது," என்றான் டோர்லைஃப்.

போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"புரிஞ்சா சரி," என்றாள் குன்வோர். "ஒரே ஒரு இரும்புக் கம்பி. அவ்வளவுதான் கேக்கறேன்."

"கம்பி சின்ன விஷயம்தான். ஆனா தெருவுக்குன்னு ஒரு முகம் இருக்கு இல்லையா. ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பதுல உங்க படியில கைப்பிடி கிடையாது."

"ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பதுல என் வயசுல எவளும் உயிரோடயே இருந்திருக்க மாட்டா. அதனால கேட்டிருக்க மாட்டா."

சிக்பியோர்ன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். டோர்லைஃப் முகத்தை மாற்றவில்லை.

"இன்னிக்கு உங்களுக்குக் கைப்பிடின்னா, நாளைக்கு இன்னொருத்தர் பிளாஸ்டிக் ஜன்னல் கேப்பாங்க."

"கேட்டா குடுக்காத. நான் ஒண்ணும் ஜன்னல் வழியா இறங்கப் போறதில்ல."

அவன் பெருமூச்சு விட்டான். பிறகு சுற்றிலும் பார்த்து, மிக மென்மையாக, "யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கா?" என்று கேட்டான்.

அத்தனை பேரும் தத்தம் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். சிக்பியோர்ன் சர்க்கரையே போடாத காப்பியைக் கலக்கு கலக்கென்று கலக்கினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு இருக்கு," என்றேன்.

"யோருன், நீங்க வாடகைக்கு இருக்கறவங்க," என்றான் டோர்லைஃப்.

ஆமாம், நான் வாடகைக்காரி. சங்கத்தில் கேக் கொண்டுவரும் உரிமை உண்டு. கருத்துச் சொல்லும் உரிமை கிடையாது. மனுவைத் தள்ளிவிட்டார்கள். நான் கொண்டுபோன ஆப்பிள் கேக்கை மட்டும் ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்று தீர்த்தார்கள்.

திரும்பி வரும்போது சிக்பியோர்ன் மறுபடி ஆரம்பித்தான். "அநியாயம் யோருன், பெரிய அநியாயம்."

"அங்க ஏன்டா சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"எல்லாரும் சும்மா இருந்தாங்களே."

இதுதான் எங்கள் ஊர். ஒவ்வொருத்தரும் தனித்தனியாக நல்லவர்கள். ஒன்றாக உட்காரவைத்தால் நாற்காலிகள்.

ஆனால் வாடகைக்காரிக்கும் ஓர் உரிமையை விட்டுவைத்திருந்தார்கள், வேலை செய்கிற உரிமை. மே பதினேழு தேசிய நாள் வருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை சந்து முழுவதும் பொதுவேலைக்கு இறங்கும். கூட்டுவது, களை பிடுங்குவது, வெள்ளையடிப்பது, சாக்கடை எடுப்பது. வேலையைப் பிரித்துக் கொடுக்கிற பொறுப்பு வருடத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். அந்த வருடம் என் முறை.

பொதுவேலையில் இரண்டே சட்டம். வராமல் இருக்கக் கூடாது. கொடுத்த வேலையை ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. கட்டிய மனைவியை விட்டு ஓடியவனைக்கூட எங்கள் ஊர் மன்னித்துவிடும். பொதுவேலையில் பாதியில் கிளம்பியவனுக்கு மன்னிப்பே கிடையாது. அவன் செத்த பிறகும், "யாரு, அந்த வாளியைக் கீழ வச்சிட்டுப் போனானே, அவனா?" என்பார்கள்.

கம்பி என்னிடமே இருந்தது. எங்கள் படகை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டபோது, உணவுக்கூடத்துக்கு ஏறும் மாடிப்படியின் கைப்பிடியை நான் கேட்டு வாங்கி வந்திருந்தேன். நிலவறையில் அதன்மேல் ஈரக் கம்பளிக் காலுறைகள் காயும். கறுத்துப் போன இரும்பு. வெண்ணெய்க் கையோடு ஏறி இறங்கிய லாரிக்காரர்கள் அதைத் தேய்த்துத் தேய்த்து மொழுமொழுவென்று ஆக்கியிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை டோர்லைஃப் புத்தம்புது வேலைச்சட்டையில் வந்தான். கழுத்தில் விலைச்சீட்டு தொங்கியது. நான் அவனிடம் நேராகப் போனேன்.

"டோர்லைஃப், உன்கிட்ட ஒரு பெரிய டிரில்லிங் மெஷின் இருக்காமே? கருங்கல்லையே துளைக்குமாம்?"

அவன் முகம் மலர்ந்தது. அந்த மெஷினை அவன் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பெட்டியைப் பிரிக்க ஒரு வாய்ப்பு வரவில்லை. "ஜெர்மன் மெஷின்," என்றான். "வெண்ணெயில கத்தி இறங்கற மாதிரி இறங்கும்."

"அப்ப குன்வோர் படி ஓரமா, நான் சுண்ணாம்பால குறி போட்டிருக்கற இடத்துல துளை போடு. வேற யாராலயும் முடியாது."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்க முடியாது. பாதுகாப்புக் கண்ணாடி, காது மூடி எல்லாம் மாட்டிக்கொண்டு முழங்காலிட்டு உட்கார்ந்தான். கல்லுக்குள் மெஷின் இறங்கிய சத்தத்தில் கடற்பறவைகள் அலறிக்கொண்டு பறந்தன. வரிசையாகத் துளை போட்டு முடித்துவிட்டு, தூசி படிந்த முகத்தோடு நிமிர்ந்தான். எண்ணெய்க் கிணற்றை முதன்முதலில் தோண்டியவனே அவன்தான் என்பது போல் ஒரு பார்வை.

"இந்தா, ரசமட்டம் பிடி," என்றேன். பிடித்தான். சிக்பியோர்னும் நானும் கம்பியைத் தூக்கி வந்து கால்களைத் துளைக்குள் இறக்கினோம். நான் சிமெண்ட் கலவையைக் கொட்டினேன். டோர்லைஃப் ரசமட்டத்துக்குள் ஓடும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று கவனமாகப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... அவ்வளவுதான், நிறுத்து," என்றான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"இது... என்ன இது?"

"கைப்பிடி," என்றேன்.

தெரு முழுவதும் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தது. சந்தின் முனையில் அந்த வருடத்தின் முதல் கப்பல் கூட்டம் வேறு, எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவன் செய்யக்கூடியது ஒன்றுதான். ரசமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடக்க வேண்டும். வைத்தால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும். வைக்கவில்லை.

காப்பி வந்தது. நான் சுட்டு வைத்திருந்த ஸ்வேலே தட்டைச் சுற்றில் விட்டுவிட்டு, டோர்லைஃபின் குரலிலேயே, மிக மென்மையாகக் கேட்டேன்: "யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கா?"

அத்தனை பேரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். டோர்லைஃபும் பார்த்தான். ஜன்னலுக்குப் பின்னால் குன்வோர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இந்த ஊரின் மௌனத்தை முதன்முறையாக நான் நேசித்தேன்.

இதோடு முடிந்திருக்கலாம். அவனும் மென்று முழுங்கிவிட்டுக் கிடந்திருப்பான். ஆனால் அடுத்த வாரம் ஒரு வழிகாட்டிப் பெண் கூட்டத்தோடு வந்தாள். டோர்லைஃப் வாசலில் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். சங்கத் தலைவன் என்று அவளுக்குத் தெரியும்.

"இந்தக் கைப்பிடியைப் போன வருஷம் நான் கவனிக்கலையே. எந்தக் காலத்துது?" என்று கேட்டாள்.

கூட்டம் முழுவதும் அவனைப் பார்த்தது. "போன சனிக்கிழமை நானே போட்டது" என்று அவன் வாயால் எப்படிச் சொல்வான்?

"ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பது," என்றான்.

நான் என் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதோடாவது நிறுத்தினானா? கடலுக்குப் போன கணவன் திரும்புகிறானா என்று மாலுமிகளின் மனைவிகள் இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார்களாம். அவர்களின் கை பட்டுப் பட்டுத்தான் இப்படி வழவழப்பாகிவிட்டதாம். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கை பட்டது உண்மைதான் கிழவி, ஆனால் அது கருவாட்டு லாரி ஓட்டினவன் கை என்று கத்தலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கத்தினால் கம்பி போய்விடும்.

அதன் பிறகு ஒவ்வொரு கூட்டமும் அங்கே நின்றது. கம்பியைத் தடவினார்கள், அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள், குழந்தைகள் தொங்கி ஆடின. சொன்ன பொய்யை முதலில் நம்பியவன் சொன்னவன்தான். ஜூன் தொடக்கத்தில் டோர்லைஃப் சங்கத்தைக் கூட்டினான். மனிதக் கைகளின் வியர்வை பழைய இரும்பை அரித்துவிடும் என்றான். மாற்றுக் கருத்து இருக்கிறதா என்று கேட்டான். காப்பிக் கோப்பைகள். மறுநாள் காலை கம்பியைச் சுற்றிக் கட்டைகள் நட்டுத் தடித்த கப்பல் கயிறு கட்டியிருந்தது. ஒரு பித்தளைப் பலகையும் தொங்கியது. நாலு மொழியில் "தொடாதீர்கள்".

நான் அவன் வீட்டுக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினேன்.

"அடப்பாவி! அது நீ போட்ட கம்பிடா!"

"போடல, யோருன்," என்றான் பொறுமையாக. "சரி பண்ணி நிறுத்தினேன். முன்னாடி இருந்த இடத்துலயே."

"முன்னாடி இருந்துச்சுன்னு உனக்கு யார் சொன்னா?"

"கல்லுல துளை இருந்துச்சே."

"அந்தத் துளையைப் போட்டதே நீதான்டா!"

"அதத்தான் நானும் சொல்றேன். துளை இருந்துச்சு."

இந்த மாதிரி ஆளோடு படகில் சண்டை வந்தால் ஸ்வேலேயை மூஞ்சியில் எறிந்துவிட்டு அடுத்தவனைக் கவனிப்பேன். இங்கே அடுத்தவன் இல்லை. மறுநாள் சில்யே வருகிற நாள். நான் குன்வோரிடம் ஓடினேன்.

"உண்மையை எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்," என்றேன்.

"சொல்லு. கம்பி புதுசுன்னு ஆயிடும். நாளைக்கே பிடுங்கிடுவாங்க."

"அப்ப சொல்ல வேண்டாம்."

"சொல்லாத. கம்பி பழசாவே இருக்கும். நான் தொடக் கூடாது." பல்செட்டை நாக்கால் ஒரு தள்ளுத் தள்ளினாள். "புதுசா இருந்தாலும் எனக்கில்ல, பழசா இருந்தாலும் எனக்கில்ல. ரொம்ப நாளா இந்தச் சந்துல இதுதானே நடக்குது." சிரித்தாள். ஆனால் கண் சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக எண்ணியது. வெளிச்சமான அறைக்கு எடுத்துப்போக வேண்டியதை அவள் ஏற்கெனவே மனதுக்குள் எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் சில்யே வந்தபோது கப்பல் கூட்டமும் வந்துவிட்டது. வழிகாட்டிப் பெண் கயிற்றுக்கு வெளியே நின்று மாலுமி மனைவிகளின் கண்ணீர்க் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டம் கயிற்றைத் தாண்டுகிறதா என்று டோர்லைஃப் கைகட்டி நின்று காவல் காத்தான். குன்வோர் கதவைத் திறந்துகொண்டு படியின் மேல் வந்து நின்றாள், சர்ச்சுக்குப் போகிற உடுப்பில்.

சில்யே கம்பியைப் பார்த்தாள். "அட, போட்டாச்சா! எவ்வளவு பலமா இருக்கு. குன்வோர், பிடிச்சுக்கிட்டு இறங்கு, பாக்கறேன்."

குன்வோர் கையை நீட்டினாள்.

"மன்னிக்கணும்," என்று டோர்லைஃப் குறுக்கே வந்தான். "குன்வோர், தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க. அது மரபுச் சொத்து."

சில்யே பலகையைப் படித்தாள். அவள் முகம் வாடியது. "தொடக் கூடாதுன்னா... அப்ப அது கைப்பிடி இல்லையே. நான் கைப்பிடி இல்லைன்னுதான் எழுதணும். என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது, குன்வோர்."

சொல்லிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். குன்வோர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தாள். பிறகு டோர்லைஃபைப் பார்த்தாள். சத்தமாக, கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி, அதுவும் ஆங்கிலத்திலேயே பேசினாள். பள்ளிக்கூட ஆங்கிலம்தான், ஆனால் ஒரு வார்த்தை பிசகவில்லை.

"டோர்லைஃப் சொல்றது சரி. பழைய பொருளை நாமதான் காப்பாத்தணும். அதனாலதான் கம்பிக்குப் பதிலா அவனே தினமும் வந்து என் கையைப் பிடிச்சு இறக்கி விடறேன்னு சொல்லியிருக்கான். காலையில இறக்கி விடுவான், திரும்ப வந்ததும் ஏத்தி விடுவான். இல்லையா, டோர்லைஃப்?"

"ஆஹா!" என்றது கூட்டம். யாரோ கைதட்டினார்கள். அத்தனை கேமராவும் அவன் பக்கம் திரும்பின.

அவன் சுற்றிலும் பார்த்தான். சிக்பியோர்ன் தன் வாசலில் நின்றிருந்தான். மற்றவர்களும் நின்றிருந்தார்கள். யார் கையிலும் காப்பிக் கோப்பை இல்லை. பார்ப்பதற்கு வேறு இடமும் இல்லை. எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"ஆ... ஆமா," என்றான்.

"எவ்வளவு நல்ல மனசு!" என்றாள் சில்யே. உண்மையிலேயே நெகிழ்ந்துவிட்டாள் அந்தப் பெண். "அப்ப உதவிக்கு ஆள் இருக்குன்னு போட்டுடறேன். உன் ஃபோன் நம்பரைச் சொல்லு. ஒருவேளை நீ வரலேன்னா நாங்க உன்னைக் கூப்பிடணும் இல்லையா?"

நம்பரைச் சொன்னான்.

"அப்ப வா," என்று குன்வோர் கையை நீட்டினாள். அவன் ஏறிப் போய் அந்தக் கையைப் பிடித்தான். அவள் இறங்கினாள், ஒவ்வொரு படியிலும் நின்று, கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்து, ராணி இறங்குகிற மாதிரி. கீழே வந்ததும் ஒரு ஜப்பான்காரர் படம் சரியாக விழவில்லை என்று கெஞ்சினார். இன்னொரு முறை ஏறி இறங்கினார்கள். நான் வீட்டுக்குள் ஓடிப்போய் அடுப்படியில் நின்று அழுதேன், சிரித்தேன், எது எது என்று எனக்கே தெரியவில்லை. குன்வோர் எங்கேயும் போகவில்லை.

அந்தக் கோடை முழுவதும் டோர்லைஃப் வந்தான். ஒருநாள் தாமதமானால் குன்வோர் சில்யேவைக் கூப்பிடுவாள். சில்யே அவனைக் கூப்பிடுவாள். வழிகாட்டிப் பெண் இதையும் கதையில் சேர்த்துவிட்டாள். வீட்டு வாசலில் கணவனில்லாத பெண்ணை அக்கம்பக்கத்து ஆண்மகன் கைபிடித்து இறக்குவது இந்தத் துறைமுகத்தின் பழைய வழக்கமாம். கூட்டம் இப்போது கம்பியை விட்டுவிட்டு அவனைத்தான் படம் எடுத்தது. அவன் ரொட்டி வாங்கப் போனாலும் பின்னாலேயே போனார்கள். காலை உணவு சாப்பிடும்போது ஜன்னலில் மூக்கை ஒட்டினார்கள். அவன் திரைச்சீலை வாங்கித் தொங்கவிட்டான். அந்த நிறத்துக்குச் சங்கத்தில் அனுமதி வாங்கவில்லை.

குன்வோருக்கு அவன் தேவையே இல்லை. சாயங்காலம் கூட்டமெல்லாம் கப்பலுக்குத் திரும்பிய பிறகு அவள் கயிற்றுக்குள் கையை விட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சரசரவென்று இறங்கி என் வீட்டுக்கு ஸ்வேலே தின்ன வருவாள். தின்றுவிட்டு அதே மாதிரி ஏறிப் போவாள். இதெல்லாம் டோர்லைஃபுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. எங்கள் சந்து மௌனத்தில் தேர்ந்தது.

அக்டோபரில் மழை சாய்த்து அடித்தது. கடைசிக் கப்பலும் போய்விட்டது. ஒருநாள் காலை எழுந்து பார்த்தால் கயிற்றைக் காணோம், கட்டைகளைக் காணோம், பித்தளைப் பலகையைக் காணோம். யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. டோர்லைஃப் வீட்டுக் குப்பைத்தொட்டி மூடாமல் திறந்திருந்தது. கயிற்றின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வழக்கமான நேரத்துக்கு அவன் குடையோடு வந்தான். குன்வோர் படியின் மேல் தயாராக நின்றாள்.

"குன்வோர்," என்றான். மாதக்கணக்கில் முதன்முறையாக "நீங்க" இல்லை. "கயிறு போயிடுச்சு பாரு. இனிமே நீ கம்பியைப் பிடிச்சுக்கிட்டே இறங்கலாம்."

குன்வோர் கம்பியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மழையில் அவன் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஐயோ, அது ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பதாச்சே," என்றாள். "நான் போய் அதைத் தொடறதா? கையைக் குடு."